கல்லூரி மாறும் நாற்பது வயதுக்காரருக்கு நம்பத்தக்க பர்சரி கிடைக்குமா?

செல்வி (சாட்ஸ்வொர்த்)

வணக்கம். வயது 41. டர்பனில் ஒரு சில்லறை வணிக நிறுவனத்தின் கிடங்கு அலுவலகத்தில் ஸ்டாக் கணக்குப் பார்க்கிறேன். தனியார் கல்லூரி ஒன்றில் மாலை வகுப்பாக வணிக மேலாண்மை டிப்ளோமா இரண்டு ஆண்டு முடித்திருக்கிறேன். கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. மூன்றாம் ஆண்டை அங்கே தொடராமல் யுனிசாவுக்கு (தென்னாப்பிரிக்காவின் தொலைநிலைக் கல்விப் பல்கலைக்கழகம்) மாறி பி.காம் படிக்கலாம் என்று யோசனை. வேலையை விட முடியாது. பெரியவன் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு), சின்னவன் கிரேடு 8.

பர்சரி (படிப்பு உதவித்தொகை) என்று தேடினால் வருவதெல்லாம் 'மெட்ரிக் எழுதுபவர்கள்', '25 வயதுக்குள்', 'முழுநேர மாணவர் மட்டும்'. மீதி வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகள், அவற்றில் எது உண்மை என்றே தெரியவில்லை. வேலை பார்த்துக்கொண்டு, நடுவில் கல்லூரி மாறுகிற என் வயதுக்காரருக்கு யாராவது உண்மையிலேயே பணம் தருகிறார்களா?

டோங்காட் தம்பி

அக்கா, என்எஸ்ஃபாஸுக்கு (அரசின் மாணவர் நிதியுதவித் திட்டம்) விண்ணப்பம் போடுங்கள். வயது வரம்பு கிடையாது. 2018 முதல் அது கடனும் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டாம். யுனிசா மாணவர்களுக்கும் உண்டு. விண்ணப்பிக்கக் காசு இல்லை.

அது போக, நண்பன் ஒருவன் அனுப்பிய இன்னொரு பர்சரி இருக்கிறது, வேலை பார்ப்பவர்களுக்கே என்று போட்டிருக்கிறது: [இணைப்பு நீக்கப்பட்டது]

நெறியாளர்

தம்பி, அந்த இணைப்பை எடுத்துவிட்டேன். பதிவுக் கட்டணம் 380 ராண்ட், இ-வாலட்டில் அனுப்பு என்கிறது. நிறுவனத்தின் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. உங்கள் மேல் வருத்தமில்லை, ஆனால் இங்கே இருக்கக் கூடாது.

லெனேசியா கணக்கர்

என்எஸ்ஃபாஸ் பற்றித் தம்பி சொன்ன வரை சரி. ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள் இருக்க வேண்டும், மாற்றுத்திறனாளி மாணவர் என்றால் 6,00,000. கல்யாணமானவருக்குக் கணவர் வருமானமும் சேரும். படிக்கும் இடம் பொதுப் பல்கலைக்கழகமாகவோ பொது டிவெட் (தொழிற்கல்வி) கல்லூரியாகவோ இருக்க வேண்டும். இப்போது நீங்கள் படிக்கும் தனியார் கல்லூரிக்கு ஒரு சென்ட் வராது. பொதுவாக முதல் பட்டத்துக்குத்தான் தருவார்கள். ஏற்கெனவே பட்டம் வைத்துக்கொண்டு இரண்டாவது படிக்கப் போகிறவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

வீட்டு வருமானம் எவ்வளவு வரும் செல்வி? சொல்ல விருப்பம் இருந்தால் மட்டும்.

செல்வி (சாட்ஸ்வொர்த்)

சொல்வதில் என்ன இருக்கிறது அண்ணா. இருவரும் சேர்ந்து, பிடித்தம் போவதற்கு முன்னால் மாதம் 31,000.

லெனேசியா கணக்கர்

அப்படியானால் ஆண்டுக்கு 3,72,000. கோட்டுக்கு 22,000 மேலே நிற்கிறீர்கள்.

டோங்காட் தம்பி

22,000 தானே! தனியாக இருக்கிறேன் என்று எழுதிவிட்டால்? பக்கத்துத் தெருவில் ஒருவர் அப்படித்தான் வாங்கினார்.

லெனேசியா கணக்கர்

வேண்டவே வேண்டாம். வருமானத்தை சார்ஸ் (வருமான வரித் துறை) பதிவோடும், கல்யாணம், பிள்ளைகள் விவரத்தை உள்துறை அமைச்சின் பதிவோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். கணவர் பெயரில் ஐஆர்பி5 (சம்பள வரிச் சான்று) போயிருக்கும்போது எதை மறைப்பது? இன்று கிடைத்தாலும் இரண்டாம் ஆண்டு நடுவில் பிடிபட்டால் கட்டணம் மொத்தமும் தலையில் விழும். பக்கத்துத் தெருக்காரர் கதை இன்னும் முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3,50,000க்கும் 6,00,000க்கும் நடுவில் இருப்பவர்களை இங்கே 'மிஸ்ஸிங் மிடில்' என்கிறார்கள். அரசுக்கு நாம் பணக்காரர், வங்கிக்கு ஏழை. அவர்களுக்காக இக்குசாசா என்ற திட்டம் இருக்கிறது. அது மருத்துவம், பொறியியல், கணக்கியல் மாதிரி ஆள் தட்டுப்பாடுள்ள தொழில்களைக் குறிவைத்தது. மாலையில் தொலைநிலைக் கல்வியாகப் படிப்பவருக்கு அது பொருந்தாது. 2024 தொடக்கத்தில் அரசு இதே வருமான அடுக்குக்கு ஒரு திட்டம் அறிவித்தது. அது கடன், உதவித்தொகை அல்ல. இரண்டு பிள்ளைகள் படிக்கும் வீட்டில் கடனைக் கடைசி வழியாக வையுங்கள்.

செல்வி (சாட்ஸ்வொர்த்)

அப்போ எனக்கு ஒன்றுமே இல்லை என்கிறீர்களா?

லெனேசியா கணக்கர்

இருக்கிறது. நீங்கள் தேடும் இடத்தில்தான் இல்லை.

உங்கள் பேஸ்லிப்பை எடுங்கள். நிறுவனப் பங்களிப்பு என்ற பகுதியில் எஸ்டிஎல் என்று ஒரு வரி இருக்கலாம். திறன் மேம்பாட்டு வரி அது. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆண்டுச் சம்பளச் செலவு 5,00,000 ராண்டைத் தாண்டும் நிறுவனம் அதில் 1 விழுக்காட்டைக் கட்ட வேண்டும். உங்கள் சம்பளத்தில் பிடிப்பதில்லை, முதலாளி தன் கையிலிருந்து கட்டுகிறார். கட்டிய பணத்தில் 20 விழுக்காடு தேசியத் திறன் நிதிக்குப் போகும், 80 விழுக்காடு துறைவாரியாக இருக்கும் சீட்டாவுக்கு (கல்வி, பயிற்சி ஆணையம்) வரும். சில்லறை வணிகத்துக்குத் தனி சீட்டா, வங்கிக்குத் தனி, காப்பீட்டுக்குத் தனி, மருத்துவத்துக்குத் தனி. அந்த 80இல் 10.5 நிர்வாகச் செலவு. 20 நிறுவனத்துக்கே திரும்பும், ஆனால் ஆண்டுத் திறன் திட்டத்தையும் பயிற்சி அறிக்கையையும் ஏப்ரல் 30க்குள் சீட்டாவிடம் கொடுத்திருக்க வேண்டும். மீதி 49.5 சீட்டா தானே பார்த்து ஒதுக்கும் மானியம். வேலையில் இருப்பவர்களுக்கான பர்சரிகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகின்றன.

நீங்கள் தேடிப் பார்த்த பட்டியல்களில் உங்கள் வயதும் வேலையும் தடை. இங்கே வேலையில் இருப்பதுதான் தகுதியே. யாரும் வாட்ஸ்அப்பில் பரப்பாததற்குக் காரணம், இது பெரும்பாலும் நிறுவனத்தின் வழியாகப் போக வேண்டியது. உங்கள் எச்ஆரில் எஸ்டிஎஃப், அதாவது திறன் மேம்பாட்டு அலுவலர் என்று ஒருவர் இருப்பார். 50 பேருக்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் பயிற்சிக் குழுவும் இருக்க வேண்டும். அவரைப் பிடியுங்கள். அடுத்த ஆண்டுத் திட்டத்தில் உங்கள் பெயரும் படிப்பும் ஏற வேண்டும். ஏப்ரலில் போய்க் கேட்டால் எல்லாம் எழுதி முடித்திருப்பார்கள், ஜனவரியிலேயே கேளுங்கள்.

ராணி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

கணக்கர் அண்ணன் சொல்வதை நான் ஆமோதிக்கிறேன். நான் மாகாண மருத்துவமனையில் நர்ஸ். அரசு ஊழியருக்குத் துறையே பகுதிநேர பர்சரி தருகிறது. சுற்றறிக்கை ஆண்டுக்கு ஒரு முறை வரும். எங்கள் வார்டில் அது அறிவிப்புப் பலகையில் வேறு காகிதங்களுக்கு அடியில் கிடந்தது, தேடி எடுத்தவர்கள் விண்ணப்பித்தார்கள். 38 வயதில் எனக்குக் கிடைத்தது, யாரும் வயதைக் கேட்கவில்லை.

ஆனால் செல்வி, ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். எங்களுக்கு ஓர் ஆண்டு படித்தால் ஓர் ஆண்டு அங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்று இருந்தது. தேர்வில் தோற்றால் அந்தப் பாடத்தின் பணம் சம்பளத்தில் பிடிக்கப்படும். இரவு வேலை முடித்து வந்து படித்த நாட்களில் பாடத்தைவிட அந்த வரிதான் கண்முன் நின்றது.

லீவு விஷயத்தையும் இப்போதே பேசிவிடுங்கள். தொழிலாளர் சட்டத்தில் ஆண்டு விடுப்பு 21 நாள், அதுவும் சனி ஞாயிறு சேர்த்துத்தான். தேர்வுக்கென்று தனி விடுப்பு சட்டத்தில் கிடையாது. நிறுவனம் தன் விதியில் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் உங்கள் ஆண்டு விடுப்பில்தான் கழியும்.

செல்வி (சாட்ஸ்வொர்த்)

ஏழு ஆண்டாக அந்த அலுவலகத்தில் இருக்கிறேன், எஸ்டிஎஃப் என்று ஒருவர் இருக்கிறார் என்பதே இப்போதுதான் தெரிகிறது. ஆனால் போய் என்ன சொல்லிக் கேட்பது? 'எனக்குப் படிக்கப் பணம் தாருங்கள்' என்று நிற்க ஒரு மாதிரி இருக்கிறது.

லெனேசியா கணக்கர்

பிச்சை கேட்கப் போகவில்லை, கணக்குப் பேசப் போகிறீர்கள். உங்களுக்குச் செலவழிப்பதில் அவர்களுக்கு லாபம் உண்டு. பி-பிபிஇஇ (கருப்பினத்தவர் பொருளாதார மேம்பாட்டுச் சட்டம்) மதிப்பெண்ணில் திறன் மேம்பாட்டுக்குத் தனிப் புள்ளிகள் இருக்கின்றன. அந்தச் சட்டம் சொல்லும் 'கருப்பினத்தவர்' வரையறையில் ஆப்பிரிக்கர், கலர்டு (கலப்பினத்தவர்), இந்தியர் மூவரும் வருவார்கள், குடியுரிமை பிறப்பாலோ வம்சாவளியாலோ வந்திருந்தால். உங்கள் படிப்புச் செலவு அவர்களின் மதிப்பெண் அட்டையில் ஏறும் என்பதை எச்ஆருக்கு நினைவுபடுத்துங்கள். மரியாதையாக, ஒரே வரியில்.

அப்புறம் வரி. முதலாளி உங்கள் படிப்புக்குக் கொடுக்கும் பர்சரி, வருமான வரிச் சட்டம் 10(1)(கியூ) பிரிவின்படி உங்கள் வருமானமாகக் கணக்கிடப்படாது. நிபந்தனை ஒன்று: படிப்பை முடிக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவேன் என்று நீங்கள் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். சாவு, நோய், காயம் காரணமாக முடிக்க முடியாமல் போனால் அது வேறு. அதாவது ராணி பயந்த அந்த வரிதான் உங்களுக்கு வரி விலக்கையும் வாங்கித் தருகிறது. ஊழியரின் சொந்தப் படிப்புக்கு உச்சவரம்பு இல்லை.

பிள்ளைகளின் படிப்பையும் இதே பிரிவில் முதலாளி வரியில்லாமல் கட்டலாம், ஆனால் அதற்கு வரம்பு உண்டு. உங்கள் சம்பளம் ஆண்டுக்கு 6,00,000க்குள் இருக்க வேண்டும். பள்ளிப் படிப்புக்கு ஆண்டுக்கு 20,000, மேற்படிப்புக்கு 60,000. பெரியவன் மெட்ரிக் என்றீர்களே, கேட்டு வையுங்கள்.

நீங்களே கையிலிருந்து கட்டினால் சம்பளக்காரருக்கு அதில் ஒரு சென்ட்கூட வரிக் கழிவு கிடையாது.

மெரேபேங்க் மாமா

எல்லோரும் பணத்தில் நிற்கிறீர்கள். நான் ஓய்வு பெற்ற ஆசிரியன், எனக்கு வேறு கவலை. செல்வி அம்மா, அந்த இரண்டு ஆண்டுப் பாடங்களில் எத்தனை யுனிசாவில் ஏறும் என்று பார்த்தாயா? அதுதான் உனக்குக் கிடைக்கக்கூடிய முதல் பர்சரி. அதற்கு வருமானச் சான்றும் வேண்டாம், யார் காலிலும் விழ வேண்டாம்.

டிப்ளோமா தேசியத் தகுதிச் சட்டகத்தில் 6ஆம் நிலை, பி.காம் 7ஆம் நிலை. இரண்டும் 360 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 10 மணி நேர உழைப்பு என்று கணக்கு. இரண்டு ஆண்டு படித்தாய் என்பதற்காக 240 கிரெடிட்டை அப்படியே தூக்கிக் கொடுக்க மாட்டார்கள். பாடத்துக்குப் பாடம் ஒப்பிடுவார்கள், நிலையும் உள்ளடக்கமும் பொருந்த வேண்டும். உன் டிப்ளோமாவின் முதலாண்டுப் பாடங்கள் பட்டத்தின் முதலாண்டுக்குப் பொருந்தலாம், மேல்நிலைப் பாடங்கள் போகாது. பட்டத்தின் பாதியாவது பட்டம் தரும் இடத்திலேயே படிக்க வேண்டும் என்பது இங்கே பொது நடைமுறை. எட்டுப் பாடம் ஏறியது என்று வைத்துக்கொள். பாடத்துக்கு 12 கிரெடிட் என்றால் 96 கிரெடிட், 960 மணி நேரம். யுனிசாவின் ஒரு பாடக் கட்டணத்தை எட்டால் பெருக்கிப் பார், எந்தப் பர்சரி அவ்வளவு சீக்கிரம் கொடுக்கும்?

அதற்கு மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. நீ படித்த ஆண்டின் பாடத்திட்டம், ஒவ்வொரு பாடத்தின் விரிவான உள்ளடக்கம், நன்னடத்தைச் சான்று எல்லாம் கேட்பார்கள். கல்லூரியில் உனக்கு நல்ல பெயர் இருக்கும்போதே வாங்கி வை.

இன்னொன்று. நீ மெட்ரிக் எழுதியது 2008க்கு முன்னால் என்றால் சான்றிதழில் எக்ஸெம்ப்ஷன் (பட்டப் படிப்பில் சேரும் தகுதி) இருக்கிறதா பார். இல்லாவிட்டாலும் பயமில்லை. 23 வயதைத் தாண்டியவர்களுக்கு வயது முதிர்ந்தோர் விலக்கு என்று ஒன்று இருக்கிறது. மெட்ரிகுலேஷன் போர்டில் விண்ணப்பிக்க வேண்டும், பாடத் தேர்ச்சி சம்பந்தமாகச் சில நிபந்தனைகள் உண்டு. வயது நமக்கு உதவுகிற ஒரே இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

செல்வி (சாட்ஸ்வொர்த்)

மாமா, மெட்ரிக் 2002. எக்ஸெம்ப்ஷன் இல்லை. அதனால்தான் அப்போது டிப்ளோமா பக்கம் போனேன். இது எனக்குப் புதுச் செய்தி. சான்றிதழை எடுத்து வைத்துவிட்டேன்.

வெருளம் விஜி

பாடத்திட்டம் வாங்கி வை என்று மாமா சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் தங்கை ஒரு தனியார் கல்லூரியில் படித்தாள், பெயர் வேண்டாம். கடைசித் தவணை பாக்கி என்று மதிப்பெண் பட்டியலைத் தரவில்லை. பாக்கியைக் கட்டிய பிறகு, 'அந்த ஆண்டின் பாடத்திட்டம் எங்களிடம் இல்லை' என்றார்கள். சேர்க்கைக் காலம் முடிந்து ஓர் ஆண்டு வீணானது. அவள் படித்த படிப்பு பதிவு பெற்றதா என்பதிலேயே பிறகு சந்தேகம் வந்தது.

மெரேபேங்க் மாமா

விஜி, அதைத்தான் அடுத்துச் சொல்ல வந்தேன். கல்லூரி பதிவு பெற்றது என்றால் போதாது, அந்தப் படிப்பும் பதிவில் இருக்க வேண்டும். தனியார் உயர்கல்வி நிறுவனங்களின் பதிவேட்டை உயர்கல்வித் துறை வெளியிடுகிறது. எந்த நிறுவனம், எந்தெந்தப் படிப்பு என்று அதில் இருக்கும். ஒவ்வொரு படிப்புக்கும் சாக்வா (தேசியத் தகுதிகள் ஆணையம்) எண் ஒன்று உண்டு. சாக்வா தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் நிலை, கிரெடிட், பதிவு முடியும் தேதி எல்லாம் வரும், இலவசம். பதிவு இல்லாத படிப்பின் பாடத்தை எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்காது, எந்த ஒழுங்கான பர்சரியும் அதற்குப் பணம் கட்டாது. பர்சரியைச் சோதிப்பதற்கு முன் கல்லூரியைச் சோதிக்க வேண்டும் என்பது என் கட்சி.

கொஞ்சம் பழங்கதை சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேலை பார்த்துக்கொண்டு படிப்பது நமக்கு நாற்பது வயதுக்காரரின் விசித்திரம் இல்லை, அப்படித்தான் தொடங்கினோம். நேட்டால் பல்கலைக்கழகக் கல்லூரி 1936இல் வெள்ளையர் அல்லாதவர்களுக்கு வகுப்பு தொடங்கியபோது, சாஸ்திரி கல்லூரிக் கட்டடத்தில் மாலையிலும் வாரக் கடைசியிலும்தான் நடத்தினார்கள். மேபல் பாமர் என்ற அம்மையார் பின்னால் நின்று நடத்தியது அது. உட்கார்ந்தவர்களில் பலர் பகலில் பள்ளி ஆசிரியர்கள். அந்த சாஸ்திரி கல்லூரியே 1929இல் நம் இந்திய மக்கள் போட்ட நன்கொடையில் எழுந்தது. பிறகு எம்.எல். சுல்தான் தொழில்நுட்பக் கல்லூரி, அதுவும் வேலை பார்ப்பவர்களுக்கான மாலை வகுப்பிலிருந்து வளர்ந்ததுதான். இன்றைய டியூடியின் (டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) ஒரு பாதி அது. பகலில் வேலை பார்க்கிறவனுக்குப் படிப்பு எதற்கு என்று அன்று யாரும் கேட்கவில்லை, இன்றைய பர்சரிப் படிவங்கள்தான் கேட்கின்றன.

டோங்காட் தம்பி

மாமா, சூப்பர். என் தாத்தா அந்த மாலை வகுப்பில் தச்சு படித்தவர்.

நெறியாளர் எடுத்த இணைப்பைப் பற்றி நண்பனிடம் கேட்டேன். அவனும் பணம் கட்டியிருக்கிறான், பதில் வரவில்லையாம். அவனுடைய ஐடி (அடையாள அட்டை) நகலும் போயிருக்கிறது. என்ன செய்யலாம்?

லெனேசியா கணக்கர்

380 ராண்டை மறந்துவிடச் சொல்லுங்கள், ஐடி நகல்தான் பெரிய இழப்பு. அதை வைத்துத் துணிக்கடைக் கணக்கு, கைப்பேசி ஒப்பந்தம் என்று எதையும் திறக்கலாம். தென்னாப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவையில் பாதுகாப்புப் பதிவு செய்யச் சொல்லுங்கள், இலவசம். அதன் பிறகு அவன் பெயரில் கடன் கேட்டு யாராவது வந்தால், கடன் கொடுப்பவர் கூடுதலாகச் சரிபார்ப்பார். கிரெடிட் பியூரோவிடம் ஆண்டுக்கு ஒரு முறை அறிக்கையை இலவசமாக வாங்கலாம், இரண்டு மூன்று மாதம் கழித்து வாங்கிப் பார்க்கட்டும். காவல் நிலையத்தில் ஒரு வழக்கு எண்ணும் இருந்தால் நல்லது.

பணம் கேட்பது மட்டும் அடையாளம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்டர்நெட் கஃபேயில், 'என்எஸ்ஃபாஸ் படிவம் நிரப்பித் தருகிறேன்' என்று உட்கார்ந்திருப்பார்கள். கூலி 50 ராண்ட், தப்பில்லை. ஆனால் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் தன்னுடையதைப் போட்டுவிடுவார்கள். ஓடிபி அங்கே போகும், கணக்கு அவர்கள் கையில் இருக்கும். உதவிப்பணம் வரும்போது எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. யாரிடம் வேண்டுமானாலும் உதவி கேளுங்கள், எண் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.

பர்சரி பட்டியல் போடும் தளங்கள் எல்லாம் திருட்டு என்று சொல்ல மாட்டேன். பல தளங்கள் விளம்பரக் காசுக்காகப் பழைய அறிவிப்பை ஆண்டை மட்டும் மாற்றித் திரும்பப் போடுகின்றன. நிறுவனத்தின் பெயரைப் பார்த்துவிட்டு அதன் சொந்தத் தளத்துக்கு நேரே போங்கள். அங்கே அந்தப் பர்சரியும் முடிவுத் தேதியும் இல்லை என்றால் விஷயம் அவ்வளவுதான். அறக்கட்டளை என்று சொன்னால் என்பிஓ (லாப நோக்கமற்ற அமைப்பு) எண் கேளுங்கள், சமூக மேம்பாட்டுத் துறையின் பதிவேட்டில் தேடலாம்.

குமரன் (மிட்ராண்ட்)

நான் திருநெல்வேலிக்காரன், ஐடி வேலைக்காக வந்து நான்கு ஆண்டு ஆகிறது. மனைவி இங்கே யுனிசாவில் படிக்க நினைக்கிறாள். எங்களுக்கு இதில் ஏதாவது உண்டா?

லெனேசியா கணக்கர்

வேலை விசாவில் இருக்கும்வரை என்எஸ்ஃபாஸ் கிடையாது. குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பு உள்ளவர்களுக்கும் மட்டும். உங்கள் நிறுவனத்தில் ஊழியரின் குடும்பத்தினருக்குப் பர்சரி இருந்தால் அது ஒரு வழி, நான் மேலே சொன்ன 6,00,000 சம்பள வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐடிக்காரருக்கு அது இடிக்கும் என்று நினைக்கிறேன் 🙂 அதைத் தாண்டினால் பர்சரி கிடைத்தாலும் வரி கட்ட வேண்டும். படிக்க அனுமதி இருக்கிறதா என்று மனைவியின் விசாவையும் பாருங்கள்.

செல்வி (சாட்ஸ்வொர்த்)

எல்லோருக்கும் நன்றி. எச்ஆருக்குப் போய் வந்தேன். எஸ்டிஎஃப் உண்மையிலேயே இருக்கிறார், நல்ல பெண். நிறுவனத்துக்கு ஊழியர் பர்சரி விதி ஒன்று இருக்கிறதாம், யாரும் கேட்பதில்லை என்றார்! ஆனால் இரண்டு சிக்கல். ஒன்று, 'செய்யும் வேலைக்குத் தொடர்பான படிப்பு' என்று விதி. பொது பி.காமுக்குக் கொடுப்பார்களா என்று அவருக்கே சந்தேகம். சரக்கு, விநியோகச் சங்கிலி சார்ந்த படிப்பு என்றால் உடனே ஏற்பார்கள் என்கிறார். இரண்டு, முதல் ஆண்டு நான் கட்டித் தேறினால் பணத்தைத் திருப்பித் தருவார்களாம், முன்பணம் இல்லை.

லெனேசியா கணக்கர்

விநியோகச் சங்கிலியை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஏற்கெனவே செய்யும் வேலை அது. கணக்கியல், பொருளியல், புள்ளியியல் மாதிரி முதலாண்டுப் பாடங்கள் பெரும்பாலும் இரண்டிலும் வரும், சிறப்புப் பாடம் பிறகுதான் பிரியும். பணம் தயாராக இருக்கும்போது பெயருக்காகச் சண்டை எதற்கு?

மெரேபேங்க் மாமா

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 41 வயதில் ஆறு ஏழு ஆண்டு இரவில் விழித்துப் படிக்கப் போகிறாள். அந்தக் கிடங்கைவிட்டு வெளியே வரத்தான் படிக்கிறாள் என்றால், கிடங்குப் படிப்பையே ஏன் படிக்க வேண்டும்? நாளைக்கு நிறுவனம் மூடினால் அந்தச் சிறப்புப் பாடம் எத்தனை கதவைத் திறக்கும்?

லெனேசியா கணக்கர்

டர்பன் துறைமுகம் இருக்கும்வரை நிறையக் கதவைத் திறக்கும் மாமா. நாட்டின் கன்டெய்னரில் பெரும்பகுதி அந்த வழியாகத்தானே போகிறது.

செல்வி (சாட்ஸ்வொர்த்)

மாமா, கிடங்கைவிட்டு ஓட வேண்டும் என்று எனக்கு இல்லை. கிடங்கு மேலாளர் நாற்காலியில் உட்கார வேண்டும். எனக்கு மேல் வந்த மூன்று பேருக்கும் வேலை கற்றுக்கொடுத்தது நான்தான், பட்டம் இருந்தது அவர்களிடம். அதனால் கணக்கர் அண்ணன் பக்கம்தான் என் ஓட்டு.

முன்பணம்தான் இடிக்கிறது.

ராணி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

முதல் ஆண்டு எல்லாப் பாடத்தையும் எடுக்காதீர்கள். யுனிசாவில் பாடத்துக்குப் பாடம் கட்டணம், எத்தனை எடுக்கிறோமோ அதற்குத்தான் பணம். கையில் இருப்பதற்கு ஏற்ப மூன்றோ நான்கோ எடுத்துத் தேறுங்கள். நிறுவனம் திருப்பித் தருவதை அடுத்த ஆண்டுக்கு அப்படியே கட்டுங்கள். ஒரு சுற்று ஓடிவிட்டால் பிறகு கையிலிருந்து போடுவது குறைந்துவிடும். அந்த மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தின் நிதியுதவிப் பிரிவில் கேளுங்கள். நன்கொடையாளர் பெயரில் இருக்கும் சின்னச் சின்னப் பர்சரிகள் அங்கே உண்டு. அவற்றில் பல, ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவரின் மதிப்பெண்ணைப் பார்த்துக் கொடுப்பவை. புதிதாகச் சேர்கிறவருக்கு அது தெரியவே தெரியாது.

ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு வேலை பார்க்க வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள்?

செல்வி (சாட்ஸ்வொர்த்)

கடைசித் தொகை வாங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டு. நடுவில் போனால் முழுப் பணமும்.

ராணி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

'முழுப் பணமும்' என்பதை மாற்றச் சொல்லுங்கள். ஓர் ஆண்டு வேலை பார்த்திருந்தால் பாதி கழிய வேண்டும், மாதக் கணக்கில் குறைந்துகொண்டே வர வேண்டும். கேட்டால் பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். நிறுவனமே ஆட்குறைப்பு செய்தால் ஒன்றும் கட்ட வேண்டாம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

லெனேசியா கணக்கர்

ராணி சொன்ன இரண்டையும் மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். பதில் வந்த பிறகு கையெழுத்து.

செல்வி (சாட்ஸ்வொர்த்)

எழுதிவிட்டேன். ஆட்குறைப்பு விஷயத்துக்கு உடனே சரி என்று பதில் வந்தது, மாதக் கணக்கை நிதிப் பிரிவிடம் கேட்க வேண்டுமாம். பாடத்திட்டத்துக்குக் கல்லூரியில் விண்ணப்பம் கொடுத்தாயிற்று, மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள். வயது முதிர்ந்தோர் விலக்குக்கான படிவத்தை இன்று இரவு நிரப்பப் போகிறேன்.

வெருளம் விஜி

இதே மாதிரி பட்டத்துக்குப் பிறகு படிக்கும் ஆனர்ஸுக்கு ஏதாவது உண்டா? எனக்கு 36.

லெனேசியா கணக்கர்

ஆனர்ஸுக்கு என்ஆர்எஃப் (தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை) நிதி கேட்கலாம் என்று யாராவது சொன்னால், அதற்கு வயது வரம்பு 28, உங்களுக்குக் கிடைக்காது. முதலாளி, சீட்டா இரண்டு வழியும் ஆனர்ஸுக்கும் பொருந்தும். எந்தத் துறையில் வேலை என்று சொல்லுங்கள்.

நெறியாளர்

விஜி, ஆனர்ஸுக்குத் தனி இழை தொடங்குங்கள், இதில் கலந்துவிட்டால் பின்னால் வருபவர்களுக்குத் தேடக் கஷ்டம். கணக்கர் அங்கேயும் வருவார்.